நல்லா த்ரீ போடற பொண்ணு பெஞ்ச்லயே இருக்காளா? கிரவுண்ட்ல அதிக நேரம் ஆட வைக்க என்ன பண்ணலாம்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காலேஜ் பொண்ணுங்க பாஸ்கெட்பால் மேட்ச் பாத்தவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். டீம்லயே த்ரீ, அதாவது கோட்டுக்கு வெளிய இருந்து போட்டா மூணு பாயிண்ட் கெடைக்கற ஷாட்ட அருமையா போடற பொண்ணு பெஞ்ச்ல உக்காந்திருப்பா, 15 பாயிண்ட் பின்னாடி போனப்புறம் கடைசி மூணு நிமிஷத்துக்கு எறக்குவாங்க, வந்த வேகத்துல ரெண்டு மிஸ் ஆனா "இவளுக்கு மேட்ச்ல வராது"ன்னு முடிச்சிருவாங்க. நீங்க கேப்டனா இருந்தாலும் சரி, டீமுக்கு கோச்சிங் குடுக்கற சீனியரா இருந்தாலும் சரி, இத மாத்தறது உங்க கையில இருக்கு. ஆனா சும்மா "அவளுக்கு சான்ஸ் குடுங்க சார்"னு கேட்டா நடக்காது, அவ உள்ள இருந்தா டீம் எப்படி ஆடும்னு மொதல்ல நாம ஏற்பாடு பண்ணிக் காட்டணும்.

முதல்ல கோட்ட அளங்க. 2010-ல த்ரீ பாயிண்ட் லைன் 6.25 மீட்டர்ல இருந்து 6.75-க்கு தள்ளிப் போச்சு, நம்ம ஊரு பழைய சிமெண்ட் கோர்ட்ல பழைய கோடே இருந்தாலும் இருக்கும். ரிங்குக்கு நேர் கீழ தரையில டேப்ப வச்சு 6.75 வரைக்கும் இழுத்து சாக்பீஸ்ல போடுங்க, கார்னர்ல சைட் லைன்ல இருந்து 90 சென்டிமீட்டர். அரை மீட்டர் கிட்ட நின்னு பழகிட்டு பெரிய மேட்ச்ல போய் எல்லாம் ஷார்ட்டா விழுந்தா அவ தப்பா அது?

அப்புறம் கணக்கு. சும்மா நின்னு போடறத எண்ணாதீங்க. ஒரு தடவை கோர்ட் முழுக்க ஓடி வந்து, எதிர்ல ஒருத்தி கையத் தூக்கிட்டு வர, அப்ப போடறத மட்டும் நோட்ல எழுதுங்க. அஞ்சு இடம், இடத்துக்கு பத்து ஷாட். பத்துக்கு நாலு விழுந்தா 12 பாயிண்ட், உள்ள பூந்து ரெண்டு பாயிண்ட் ஷாட் பத்துக்கு அஞ்சு போடறவ எடுக்கறது 10 தான். இந்தக் கணக்க பி.டி. சார்கிட்ட பேப்பர்ல காட்டுங்க, பிராக்டிஸ் முடிஞ்சு அவர் ஃப்ரீயா இருக்கும்போது. மேட்ச் நடுவுல பெஞ்ச்ல நின்னு வாதாடவே கூடாது.

பஸ் விஷயத்த யாரும் யோசிக்கறதில்ல, எனக்கு இதுதான் பெரிய காரணமா தெரியுது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து கிராமத்துல இருந்து வர்ற பொண்ணு சாயங்காலம் பஸ்ஸுக்கு சீக்கிரமே கெளம்பியாகணும், பிங்க் பஸ் ஒன்ன விட்டா அடுத்தது எப்பன்னு சொல்ல முடியாது, வீட்லயும் கேப்பாங்க. நம்ம ஆளுங்க மொதல்ல டிரில்லு, லேஅப்னு ஓட்டிட்டு அஞ்சுக்கு அஞ்சு கேம கடைசில வைக்கறாங்க, அதுக்குள்ள அவ போயிருப்பா. அப்ப மெயின் அஞ்சு பேரோட அவ ஆடி சார் பாத்ததே இல்ல, எந்த நம்பிக்கைல மேட்ச்ல எறக்குவாரு? வார்ம்அப் முடிஞ்ச உடனே கேம வைங்க, டிரில் அப்புறம் வச்சுக்கலாம். இத ஒன்ன மாத்தினாலே பாதி வேல முடிஞ்சுது.

"டிஃபன்ஸ் வராது சார்"ங்கறது அடுத்த தடை, நெறைய நேரம் அது உண்மையும்தான். டூ-த்ரீ ஜோன் ஆடுங்க, அதாவது ஆள விட்டுட்டு இடத்தக் காக்கறது, மேல ரெண்டு பேர், ரிங்கு பக்கம் மூணு பேர்; மேல நிக்கற ரெண்டு பேர்ல ஒருத்தியா அவள நிறுத்தி பக்கத்துல வேகமா ஓடற பொண்ண வைங்க. மேன் டு மேன்னா (ஆளுக்கு ஒரு ஆளக் காக்கறது) எதிர் டீம்ல ஷூட் பண்ணாத பொண்ண அவகிட்ட குடுங்க. அவளுக்கு ரெண்டே பாடம்: கை மேல இருக்கணும், பால்ல கை நீட்டக் கூடாது. அஞ்சு ஃபவுல் ஆனா வெளிய, அது மட்டுமில்ல, ஒரு குவார்ட்டர்ல (பத்து நிமிஷம்) டீம் ஃபவுல் நாலு தாண்டினா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஃப்ரீ த்ரோ குடுக்கணும்.

எறக்கும்போது யார்கூட எறக்கறீங்கன்னு பாருங்க. உள்ள டிரைவ் பண்ணிட்டு வெளிய பாஸ் குடுக்கற பிளேமேக்கர் கூட ஆடணும், இல்லன்னா பாலே வராம கார்னர்ல நின்னுட்டு இருப்பா. ரிங்கு பக்கத்துல ஆடற போஸ்ட் பொண்ணுகிட்ட ஒரு ஸ்க்ரீன் போட, அதாவது அசையாம நின்னு காவல்காரி வழிய மறிக்க சொல்லிக் குடுங்க, அதச் சுத்தி இவ வெளிய ஓடி வந்து பால வாங்கும்போதே காலு ரெண்டும் ரிங்க பாத்து நிக்கணும், வாங்கிட்டு திரும்பினா லேட்டு. அவ ஷாட்டே போடலன்னாலும் அவள காவல் காக்கற பொண்ணு உள்ள ஹெல்ப்புக்கு போக முடியாது, போஸ்ட்டுக்கு இடம் கெடைக்கும். இது தெரியணும்னா ஸ்கோர் ஷீட் ஓரத்துல அவ உள்ள போனப்ப ஸ்கோர் என்ன, வெளிய வந்தப்ப என்னன்னு குறிச்சு வைங்க, அவ போட்ட பாயிண்ட்ட விட இந்த வித்தியாசம்தான் சாருக்கு புரிய வைக்கும்.

மொத்தம் 40 நிமிஷம், 20 நிமிஷத்த குறியா வைங்க, குவார்ட்டருக்கு அஞ்சு நிமிஷம். சப் பண்றது, அதாவது ஆள் மாத்தறது, நெனச்ச நேரத்துல நடக்காது, கிளாக் நிக்கணும், பாஸ்கெட் விழுந்தா கிளாக் நிக்காது, கடைசி குவார்ட்டர் கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும்தான் நிக்கும். அதனால ஒரு நிமிஷம் முன்னாடியே எழுந்து ஸ்ட்ரெட்ச் பண்ணி ஸ்கோர் எழுதற டேபிள்ல போய் சொல்லட்டும். குளிர்ந்த கையோட உள்ள போனா மொத ஷாட் போகாது.

யாரோட நேரம் கொறையுதோ அந்த தேர்ட் இயர் அக்காகிட்ட நீங்களே போய் மேட்ச்சுக்கு முன்னாடி பேசிருங்க. "அக்கா, ஸ்டார்ட் நீங்கதான், அஞ்சு நிமிஷம் முழு மூச்சா ஆடிட்டு வாங்க, அப்புறம் அவ வருவா"ன்னு நேரா சொன்னா ஏத்துப்பாங்க, பெஞ்ச்ல போய் உக்காந்தப்புறம் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும், அவங்க பாஸும் அவளுக்கு வராது.

மொத மூணு ஷாட் மிஸ் ஆனாலும் உடனே எடுக்கக் கூடாதுன்னு சார்கிட்ட முன்னாடியே வாக்கு வாங்கிக்கோங்க. கடைசி ரெண்டு நிமிஷம் நாம லீட்ல இருந்தா அவ உள்ளதான் இருக்கணும், எதிர் டீம் வேணும்னே ஃபவுல் பண்ணும், அப்ப ஃப்ரீ த்ரோ லைன்ல நிக்க அவள விட்டா வேற யாரு இருக்கா.