சிறிய கல்லூரிகளின் சேர்க்கைக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவின் பாலைவனப் பள்ளத்தாக்கு ஒன்றில் டீப் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு கல்லூரி இருக்கிறது. 1917இல் தொடங்கியது. மொத்த மாணவர்களே ஏறக்குறைய முப்பது பேருக்குள்தான். இப்படிப்பட்ட இடத்தில் "இந்த வருடம் போட்டி கடுமையாகிவிட்டது" என்று யாராவது சதவீதத்தைக் காட்டினால் கொஞ்சம் பொறுங்கள். ஒரு பேச்சுக்கு, 200 பேர் விண்ணப்பித்து 16 பேருக்கு இடம் கிடைத்தால் 8 சதவீதம். மறு வருடம் அதே 200 பேரில் 12 பேருக்குக் கிடைத்தால் 6. வரைபடத்தில் பார்த்தால் பயமாக இருக்கும். நடந்தது என்னவோ நாலு பேர் வித்தியாசம். போன வருடம் இடம் வாங்கி, படிப்பைத் தள்ளிவைத்த நாலு பேர் இப்போது வந்து சேர்ந்திருந்தாலே போதும். ஐந்தாறு வருட எண்களை மொத்தமாகக் கூட்டிப் பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது.

இடம் கிடைத்தவர்கள் வேறு, வந்து சேர்ந்தவர்கள் வேறு. 5,000 விண்ணப்பம், 1,500 பேருக்கு அனுமதி, சேர்ந்தது 500 பேர் என்று வையுங்கள். சேர்க்கை விகிதம் என்பது விண்ணப்பித்தவர்களில் இடம் கிடைத்தவர்களின் பங்கு, அதாவது 30 சதவீதம். 500ஐ 5,000ஆல் வகுத்து 10 என்று சொல்லிப் பிள்ளையை மிரட்டுகிறவர்கள் நிறைய.

அதிகம் பேர் ஏமாறுவது எர்லி டிசிஷனில்தான். நவம்பர் வாக்கில் விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று உறுதி கொடுக்கும் முறை இது. இதில் சேர்க்கை விகிதம் வழக்கமான சுற்றைவிடப் பெரும்பாலும் நன்றாகவே உயர்ந்திருக்கும். அதைப் பார்த்து, "சீக்கிரம் போட்டால் வாய்ப்பு இரண்டு மடங்கு" என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பயிற்சியாளர் முன்பே பேசி வைத்த விளையாட்டு வீரர்கள் இருப்பார்கள். சிறிய கல்லூரியிலும் அணிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் அவ்வளவாகக் குறைவதில்லை. அதனால் மொத்த மாணவர்களில் வீரர்களின் பங்கு பெரிய பல்கலைக்கழகத்தைவிடக் கூடுதல். சில கல்லூரிகளில் முன்னுரிமை பெறும் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். இவர்களைக் கழித்தால் மீதிப் பேருக்கு எவ்வளவு என்பதைப் பெரும்பாலான கல்லூரிகள் வெளியிடுவதில்லை. சீக்கிரம் போடுவதில் பயனே இல்லை என்று சொல்லவில்லை. அந்த இடைவெளி முழுவதும் உங்களுக்கான சலுகை அல்ல. அதோடு, உதவித்தொகையை வேறு கல்லூரியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும்.

சரி, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண்? பல கல்லூரிகள் அதைக் கட்டாயமில்லை என்று ஆக்கிய பிறகு, கல்லூரி வெளியிடும் சராசரியில் அனுப்பியவர்களின் மதிப்பெண் மட்டுமே கணக்கில் வருகிறது. நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்தானே அனுப்புவார்கள்? ஆகவே அந்த எண் மேலே ஏறி நிற்கும். கல்லூரிகள் ஆண்டுதோறும் நிரப்பும் காமன் டேட்டா செட் என்ற படிவத்தில் சி9 பகுதியைத் திறந்தால், எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் கொடுத்தார்கள் என்று தெரியும். 35 சதவீதம் என்று இருந்தால் அந்தச் சராசரியை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதே படிவத்தின் சி1இல் ஆண், பெண் கணக்கு தனித்தனியாக இருக்கும். பெண்கள் அதிகம் விண்ணப்பிக்கும் கல்லூரிகளில் இரண்டுக்கும் நல்ல இடைவெளி இருப்பதுண்டு. சி2இல் காத்திருப்போர் பட்டியல். ஒரு வருடம் அதிலிருந்து பலரை எடுப்பார்கள், அடுத்த வருடம் ஒருவரைக்கூட எடுக்க மாட்டார்கள்.

அப்புறம், அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து, அதுவும் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கிறவர்கள் மொத்த விகிதத்தை மறந்துவிடலாம். பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையையும் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. மொத்த விகிதம் 25 என்றாலும் அவர்களுக்கு அது ஒற்றை இலக்கமாக இருக்கலாம். சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, "போன வருடம் உதவித்தொகை கேட்ட வெளிநாட்டவர் எத்தனை பேர், இடம் கிடைத்தது எத்தனை பேருக்கு?" என்று நேராகவே கேளுங்கள். சிறிய கல்லூரி என்பதால் ஆளே உட்கார்ந்து பதில் எழுத வாய்ப்பு உண்டு.