விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில்: கை வைப்பதற்கு முன்பே நேரும் தவறுகள்

வடசென்னையில் பல வீடுகளுக்கு ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருப்பது புதிய செய்தி அன்று. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டை வேறு யாரோ செய்து முடித்துக் கையில் தந்தார்கள். எதைத் திறப்பது என்று தேர்ந்தெடுப்பது மட்டுமே நம் வேலையாக இருந்தது. இப்போது நிலைமை வேறு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதனால் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் வகைகளான உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ நிறுவிப் பார்க்கப் பலர் முன்வருகிறார்கள். அப்படிச் சிக்கிக்கொண்ட கணினிகளைச் சரிசெய்ய வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் தெரிந்தவர்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். நிறுவும்போது செய்த தவறுகளைவிட, தொடங்குமுன் பார்க்காமல் விட்டவையே அங்கெல்லாம் அதிகச் சேதம் செய்திருந்தன.

நம் பக்கத்து வீடுகளில் கணினி ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பது அரிது. அண்ணன் விளையாடுவதும், தங்கை கல்லூரி ப்ராஜெக்ட் செய்வதும், அப்பா சீட்டுக் கணக்கு வைப்பதும் அதே கணினியில்தான். ஆகவே லினக்ஸ் கற்க விரும்புபவர் தம் கோப்புகளை மட்டும் நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது. வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவரவர் கோப்புகளை வெளியே எடுத்து வைக்க வேண்டும். "எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது" என்று சொல்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். சி டிரைவும் டி டிரைவும் பெரும்பாலும் ஒரே வட்டின் இரண்டு பகுதிகள் (பார்ட்டிஷன்); வட்டு அழிந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைக்கக்கூடிய இன்னொரு ஹார்ட் டிஸ்கில் இருப்பதே நகல் எனப்படும். நகலெடுத்த பிறகு அதிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளையாவது வேறு கணினியில் திறந்து பார்ப்பது அவசியம்.

அடுத்தது மறையாக்கம், அதாவது உரிய சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டைப் பூட்டி வைப்பது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். பழைய மடிக்கணினி ஒன்றை ஒரு கடையில் வாங்கிய உறவினருக்காக லினக்ஸ் நிறுவ உட்கார்ந்தேன். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கக்கூடிய பயோஸ் அமைப்பில், அங்கீகாரமில்லாத மென்பொருள் தொடங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கியபோது, நீலத்திரை ஒன்று தோன்றி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. அந்தக் கணினியின் வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் மறையாக்க முறையில் பூட்டப்பட்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. மீட்பு எண் வழக்கமாகக் கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படும். இங்கே அது கடைக்காரரின் கணக்கு. செக்யூர் பூட்டைப் பழையபடி மாற்றியதும் விண்டோஸ் திறந்துகொண்டது எங்கள் நல்வாய்ப்பு. வேறு வகை மாற்றமாக இருந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும், உறவினரின் மூன்று மாத வேலை முழுவதும் போயிருக்கும்.

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் இந்த மறையாக்கம் நம்மைக் கேளாமலே இயங்கத் தொடங்குகிறது. எனவே அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று சாதன மறையாக்கம் இயங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இயங்கினால் மீட்பு எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு மறையாக்கத்தை அணைத்து, அது முழுமையாக நீங்கும்வரை காத்திருக்க வேண்டும். எண்ணைப் படம் பிடித்து அதே கணினியில் சேமிப்பதால் பயன் ஏதுமில்லை.

பிறகு வருவது வட்டைப் பிரிக்கும் வேலை. முதலில் விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டிருக்கிறது என்பதைக் கணினித் தகவல் பக்கத்தில் பயோஸ் மோட் என்ற வரியில் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கும் புதிய முறை) என்றிருந்தால் லினக்ஸை நிறுவுவதற்கான பென்டிரைவையும் யுஇஎஃப்ஐ முறையிலேயே இயக்க வேண்டும். லெகசி (பழைய முறை) என்றிருந்தால் அதுவும் லெகசியிலேயே. இரண்டும் மாறிப்போனால் நிறுவல் ஒழுங்காக முடிந்ததுபோல் தோன்றும், ஆனால் கணினி தொடங்கும்போது வரும் தேர்வுப் பட்டியலில் ஓர் இயங்குதளம் காணாமல் போயிருக்கும்.

விண்டோஸ் பகுதியைச் சுருக்குவதற்கு விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியைப் பயன்படுத்துவதே நல்லது. நகர்த்த முடியாத சில கோப்புகள் வட்டின் நடுவில் இருந்தால் அது குறைந்த இடத்தையே விடுவிக்கும். அப்போது பொறுமையிழந்து வேறு மென்பொருளால் வலிந்து சுருக்காமல், ஹைபர்னேஷனையும் சிஸ்டம் ரீஸ்டோரையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு மறுபடி முயல வேண்டும். உபுண்டுவுக்கு 25 ஜிபி போதும் என்று சொல்லப்பட்டாலும், அன்றாடப் பயன்பாட்டுக்கு 60 ஜிபியாவது ஒதுக்குங்கள் என்பேன். விடுபட்ட இடத்தை ஃபார்மட் செய்யாமல் வெறுமையாகவே விட வேண்டும். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்ட வட்டுகளில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் இடமில்லை. நான்கும் நிரம்பிய நிலையில் இன்னொன்றை உருவாக்க முயன்றால், வட்டை டைனமிக் டிஸ்க் என்ற, விண்டோஸுக்கே உரிய வகைக்கு மாற்றவா என்று விண்டோஸ் கேட்கும். அதற்குச் சம்மதித்தவர்கள் லினக்ஸை நிறுவ முடியாமல் நின்றுவிடுகிறார்கள்.

நிறுவும் திரையில், வட்டை அழித்துவிட்டு நிறுவு என்ற தேர்வு, விண்டோஸ் பகுதியை மட்டுமல்லாமல் முழு வட்டையும் துடைத்துவிடும். மேசைக் கணினியில் புதிய எஸ்எஸ்டி ஒன்றும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் சேர்ந்திருப்பது இப்போது சாதாரணம்; பெயர்களை நம்பாமல் அளவையும் மாடலையும் ஒப்பிட்டுப் பார்த்தே தேர்வு செய்ய வேண்டும். லினக்ஸ் தனி வட்டில் போகிறதென்றால், நிறுவி முடியும்வரை விண்டோஸ் இருக்கும் வட்டின் கேபிளைக் கணினி அணைந்த நிலையில் கழற்றி வைப்பதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே வட்டில் கைமுறையாகப் பிரிப்பவர்கள், விண்டோஸ் உருவாக்கிய சிறிய இஎஃப்ஐ பகுதியை அப்படியே பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு எதிரே ஃபார்மட் என்ற கட்டத்தில் தவறுதலாக டிக் விழுந்தால் விண்டோஸைத் தொடங்கும் கோப்புகள் அழிந்துவிடும்.

சில இன்டெல் மடிக்கணினிகளில் நிறுவும் திரையில் வட்டே தெரியாது. பயோஸில் சேமிப்பகம் ஆர்எஸ்டி என்ற இன்டெல்லின் தனி முறையில் இருப்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம். அதை ஏஎச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்றலாம், ஆனால் விண்டோஸை முதலில், அடிப்படை வசதிகளோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்த பிறகே மாற்ற வேண்டும். இல்லையெனில் விண்டோஸ் திறக்காது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. தன் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸ் விண்டோஸ் பகுதியைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். வலிந்து எழுதினால், அடுத்த முறை விண்டோஸ் தன் பழைய நினைவோடு எழுந்து கோப்புகளைச் சிதைக்கக்கூடும். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் இதை அணைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மின்சாரத்தைப் பற்றி நம் பகுதியினருக்குத் தனியே சொல்ல வேண்டும். பார்ட்டிஷனைச் சுருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் கோப்புகள் பாழாகலாம். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவிக்கப்பட்ட நாளிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பெருமழை நாள்களிலும் மேசைக் கணினியில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் தெருக்களில் மின்சாரம் இல்லாமல் கழித்த நாள்களை யாரும் மறந்திருக்க முடியாது. வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதே என்று எண்ணுவதும் போதாது; சில இன்வர்ட்டர்கள் பேட்டரிக்கு மாறும் இடைவெளியிலேயே கணினி அணைந்துவிடும். யுபிஎஸ் இல்லையென்றால் ஒரு நாளைக்காவது யாரிடமேனும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்த பிறகு விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. கணினிக்குள் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் இந்திய நேரமாகவும் படிப்பதால் வரும் வேறுபாடு அது. உள்ளூர் நேரத்தையே பயன்படுத்தும்படி லினக்ஸில் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம்.

நிறுவிய பென்டிரைவை அழித்து வேறு வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் வெளியான ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, செக்யூர் பூட் இயங்கிய சில இரட்டை இயங்குதளக் கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் தடுத்தது. அதுபோன்ற நாளில், அந்தப் பென்டிரைவில் புதிய பதிப்பை எழுதி வீட்டில் வைத்திருந்தால் கோப்புகளையாவது எடுத்துவிடலாம்.

லினக்ஸ் பிடிக்காமல் நீக்க விரும்புபவர்கள் அதன் பார்ட்டிஷனை விண்டோஸிலிருந்து நேராக அழித்துவிடுகிறார்கள். மறுமுறை இயக்கும்போது க்ரப் (லினக்ஸின் தொடக்க நிரல்) என்ற சொல்லோடு கருந்திரை நிற்கிறது. யுஇஎஃப்ஐ கணினியில் முதலில் பயோஸுக்குள் சென்று விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். லெகசி கணினியானால் விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் உள்ள பழுதுநீக்கும் பகுதியிலிருந்து பூட் பகுதியைத் திருத்த வேண்டும். அதன் பிறகு லினக்ஸ் பகுதியை அழித்து, அந்த இடம் சி டிரைவுக்கு அடுத்து ஒட்டியபடி இருந்தால் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். இடையில் மீட்புப் பகுதி ஏதேனும் இருந்தால் அதைத் தொடாமல், காலியான இடத்தைத் தனி டிரைவாக வைத்துக்கொள்வதே போதும்.