ஜேசான் பார்ஸிங்: எரர் வராத தவறுகள்

ஜேசான் (JSON) என்பது புரோகிராம்கள் டேட்டாவை எழுத்து வடிவில் பரிமாறிக்கொள்ளும் முறை, அதைப் படித்துப் பிரிப்பதுதான் பார்ஸிங். அதில் கமா விட்டுப்போவது, ஒற்றை மேற்கோள் போடுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அவற்றைப் பார்சரே சொல்லிவிடும். எரர் எதுவும் காட்டாமல் டேட்டாவைக் கெடுக்கும் தவறுகள்தான் என் கவலை. நான் அன்று செய்ததையே புதிதாக வருபவர்களும் அப்படியே செய்வதைப் பார்க்கிறேன்.

பெரிய ஐடியை எண்ணாக அனுப்புவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு ப்ராஜெக்டில் ஆர்டர் ஐடிகள் 19 இலக்கம். சர்வரில் பைத்தான், அங்கே முழு எண் எத்தனை இலக்கமானாலும் அப்படியே நிற்கும் என்பதால் டெஸ்ட் எல்லாம் பாஸ். பிரவுசரில் மட்டும் ஆர்டரைத் திறந்தால் 'இல்லை' என்று வரும், சில நேரம் வேறொருவருடைய ஆர்டர் திறக்கும். இரண்டு நாள் டேட்டாபேஸைக் குடைந்தோம். கடைசியில் குரோமின் நெட்வொர்க் டேபில் ரெஸ்பான்ஸையும் (சர்வர் அனுப்பியது அப்படியே) ப்ரிவ்யூவையும் (பார்ஸ் செய்தபின்) மாற்றி மாற்றிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அங்கே 1234567890123456789 என்று இருப்பது இங்கே 1234567890123456800 ஆவது போல, ஐடியின் வால் மாறியிருந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் எண்களை 64 பிட் ஃப்ளோட்டாக, அதாவது தசம எண் வகையாக, வைத்துக்கொள்கிறது. 9007199254740991ஐத் தாண்டினால் அடுத்தடுத்த முழு எண்களைக்கூட அதால் பிரித்தறிய முடியாது. ஜேசான் இலக்கணத்தில் எண்ணுக்கு உச்சவரம்பு கிடையாது, அதனால் பார்சர் ரவுண்ட் செய்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

பார்ஸ் முடிந்த பிறகு ஸ்ட்ரிங்காகவோ (எழுத்துத் தொடர்) பிக்இன்ட்டாகவோ (பெரிய முழு எண் வகை) மாற்றிப் பயனில்லை, போன இலக்கம் போனதுதான். அனுப்பும் இடத்திலேயே மேற்கோளுக்குள் போட்டு ஸ்ட்ரிங்காக அனுப்புங்கள். ட்விட்டர் 2010இலேயே இதற்காகத்தான் ஐடியை ஸ்ட்ரிங்காகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. கோ மொழியிலும் டைப் சொல்லாமல் பார்ஸ் செய்தால் எண் ஃப்ளோட் ஆகிவிடும். டிகோடரில் யூஸ்நம்பர் போட்டால் தப்பிக்கலாம். ஐடியை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே, அப்புறம் அதை ஏன் எண்ணாக வைக்க வேண்டும்?

கீ இல்லாததையும் 'நல்' மதிப்பையும் ஒன்றாக நினைப்பது

பல அப்டேட் ஏபிஐகளில் (டேட்டாவை மாற்றச் சர்வரைக் கேட்கும் வழிகள்) 'நல்' (null, வெற்று மதிப்பு) வந்தால் அந்த மதிப்பை அழி என்று பொருள், கீயே வராவிட்டால் தொடாதே என்று பொருள். பைத்தானில் கெட் போட்டால் இரண்டுக்கும் 'நன்' (None) என்றே பதில் வரும். கீ இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

ரெஜெக்ஸால் (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம்) பிரிப்பது

வேண்டாம்.

ஸ்டேட்டஸைப் (பதிலோடு சர்வர் அனுப்பும் நிலை எண்) பார்க்காமல் பார்ஸ் செய்வது

இதில் மட்டும் எரர் வரும், ஆனால் காரணத்தைச் சொல்லாது. முதல் எழுத்தே '<' என்று எரர் சொன்னால், பெரும்பாலும் வந்தது எச்டிஎம்எல் பக்கம்.

இரண்டு முறை ஸ்ட்ரிங்காக்குவது

பார்ஸ் செய்த பிறகும் ஸ்ட்ரிங்தான் கிடைக்கிறதா? இன்னொரு பார்ஸ் போட்டு மறைக்காதீர்கள், அனுப்புபவரிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள்.