நில அதிர்வைத் தாங்கும் தொடர்மாடி: வரைபடத்திலும் கம்பிக்கட்டிலும் கவனிக்க வேண்டியவை

இலங்கை புவித்தட்டுகளின் விளிம்பில் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் 1615 ஆம் ஆண்டில், போர்த்துக்கேயர் காலத்தில், கொழும்பை நிலநடுக்கமொன்று தாக்கியதாகப் பதிவு உண்டு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிகழ்ந்த 8.6 அளவிலான நிலநடுக்கமும் இந்நகரில் உணரப்பட்டது. கட்டி முடித்த தூணைப் பின்னர் வலுப்படுத்துவது பெருஞ்செலவு என்பதால், வேண்டியதை வரைபடத்திலேயே செய்துவிட வேண்டும்.

முதலில் கட்டடத்தின் வடிவத்தைப் பாருங்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பல தொடர்மாடிகளின் கீழ்த்தளம் வாகனத் தரிப்பிடமாகத் திறந்திருக்க, மேல்தளங்கள் சுவர்களால் விறைப்பாகியிருக்கும். நிலம் ஆடும்போது அசைவு முழுவதும் அந்தத் திறந்த தளத்தின் தூண்களிலேயே வந்து குவியும். ஆகவே கீழ்த்தளத்தில் இரு திசைகளிலும் கொங்கிறீற்றுச் சுவர்களைச் சமச்சீராக அமையுங்கள். மின்தூக்கிக் கூட்டை ஒரு மூலையில் மட்டும் வைத்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும்.

அடுத்து, முதலில் இளக வேண்டியது பீம்தான், தூண் அல்ல. பீமின் முனை வெடித்தாலும் தளம் நிற்கக்கூடும்; தூண் போனால் அதன் மேலுள்ள அனைத்தும் இறங்கிவிடும். இதனாலேயே, ஒவ்வொரு சந்தியிலும் தூண்களின் மொத்த வளைவுத் தாங்குதிறன் அங்கே சேரும் பீம்களின் மொத்தத் திறனைவிட 1.3 மடங்காவது இருக்க வேண்டும் என, நில அதிர்வைத் தாங்கும் கட்டடங்களுக்கான ஐரோப்பிய நியமமான யூரோகோட் 8 விதிக்கிறது. சுவருக்குள் மறையட்டும் என்று தூணை மெலிதாக்கிப் பீமை மட்டும் ஆழமாக்குவது இவ்விதிக்கு நேர்மாறானது.

நான் மிகவும் வற்புறுத்துவது தூணைச் சுற்றும் வளையக் கம்பிகளைத்தான். வளையத்தின் முனையை 90 பாகையில் மடித்து விட்டால், அதிர்வில் வெளிப்புறக் கொங்கிறீற்று உதிர்ந்தவுடன் அம்மடிப்பு விரிந்துவிடும். பிறகு நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்க, உள்ளேயிருக்கும் கொங்கிறீற்று நொறுங்கும். முனையை 135 பாகைக்கு மடித்து, கம்பியின் விட்டத்தைப் போல் 10 மடங்கு நீளத்துக்குத் தூணின் உள்ளே செலுத்தினால் அது பிடித்து நிற்கும். தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும், தூணின் அகலமான பக்கம், தளத்துக்கும் மேலுள்ள பீமின் அடிக்கும் இடைப்பட்ட தூணுயரத்தின் ஆறிலொரு பங்கு, 450 மி.மீ. ஆகிய மூன்றில் பெரியது எதுவோ அந்த நீளத்துக்கு வளையங்களை நெருக்கமாக, 100 மி.மீ. இடைவெளியில் கட்டுவது நல்லது. பீம் சந்திக்கும் இடத்தினுள்ளும் வளையங்கள் தொடர வேண்டும். நெருக்கடியால் கம்பிகட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். நெடுங்கம்பிகளின் மேற்பொருத்தை, அதாவது இரு கம்பிகளின் முனைகளை அருகருகே வைத்துத் தொடரும் இடத்தை, தளமட்டத்தில் வைக்காமல் தூணின் நடுப்பகுதிக்கு உயர்த்துங்கள்.

பலகை அடைக்கப்படும் முன்னரே பொறியியலாளர் ஒவ்வொரு சந்தியையும் நேரில் பார்த்து, மடிப்பின் கோணத்தையும் இடைவெளியையும் அளந்த பின்பே கொங்கிறீற்று ஊற்ற அனுமதிக்க வேண்டும்.