பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை: முதல் முறை போகிறவர்களுக்கு

வார இறுதியில் சென்னைக்கு வரும் நண்பர்கள் எல்லோரும் மெரினா, தி. நகர் என்றுதான் பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட முடியுமா? முடிந்தால் பல்லாவரம் சந்தையைப் பார்த்துவிடலாம். சனி, ஞாயிறு வந்தால் அங்கே வெறும் சாலைதான் இருக்கும்.

பழைய டிரங்க் ரோட்டின் இரண்டு பக்கமும் வாரத்தில் ஒரே ஒரு நாள் விரியும் சந்தை இது. காய்கறி, கருவாடு, துணிமணி ஒரு பக்கம். செடிகள், பறவைக் கூண்டுகள் ஒரு பக்கம். இடையிடையே தார்ப்பாயிலும் கோணியிலும் பழைய சாமான்கள்: பித்தளைப் பாத்திரம், சைக்கிள் உதிரி, சுவர்க் கடிகாரம், மோட்டார், ரேடியோ, யாரோ வீடு காலி செய்தபோது போட்ட நாற்காலி. நான் போவது இந்தப் பழைய சாமான்களுக்காக. இந்த விளக்கமும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

1. வந்து சேர்வது

தென் மாவட்டங்களிலிருந்து வியாழன் இரவு ரயிலில் ஏறினால், காலையில் எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து கடற்கரை போகும் லோக்கலில் சானடோரியம், குரோம்பேட்டை தாண்டி மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம். விமானத்தில் வருகிறவர்களுக்கு இன்னும் சுலபம்: விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷன், அதற்கு அடுத்தது பல்லாவரம். ஸ்டேஷனில் இறங்கி “சந்தை எந்தப் பக்கம்?” என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். காரில் மட்டும் வராதீர்கள். வெள்ளிக்கிழமை அந்தச் சாலையில் நடக்கவே இடம் தேட வேண்டியிருக்கும்.

பெட்டி படுக்கையோடு சந்தைக்குள் நுழையவும் வேண்டாம். முதலில் லாட்ஜிலோ உறவினர் வீட்டிலோ வைத்துவிட்டு வாருங்கள். காலை எட்டு மணிக்குள் வந்துவிட்டால் வெயிலுக்கு முன் ஒரு சுற்று முடியும். பகல் பன்னிரண்டுக்கு மேல் அந்தச் சாலையில் நிழல் கிடையாது.

2. பையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு துணிப்பை, பழைய செய்தித்தாள், தண்ணீர், ஒரு சின்ன டார்ச், அளக்கும் டேப், இரண்டு பென்சில் பேட்டரி, பத்து ரூபாயிலிருந்து நூறு ரூபாய் வரை சில்லறை நோட்டுகள். இதையெல்லாம் விட முக்கியம் ஒரு காந்தம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தம் போதும்.

காந்தத்தின் அருமை எனக்கு நஷ்டப்பட்ட பிறகுதான் தெரிந்தது. முதல் முறை போனபோது பளபளவென்று ஒரு குத்துவிளக்கு வாங்கினேன். பித்தளை விலைதான் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் தண்டு துருப்பிடித்தது. உள்ளே இரும்பு, மேலே முலாம். காந்தம் ஒட்டினால் அது பித்தளை இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஒட்டாததெல்லாம் பித்தளை என்றும் நம்பிவிடக் கூடாது. அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. அதனால் பாத்திரத்தைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். தேய்ந்த இடத்திலும் கீறலிலும் உள்ளேயும் மஞ்சள் நிறமே தெரிய வேண்டும். கையில் எடுத்தால் கனம் தெரியும்.

3. முதல் சுற்று, அப்புறம் போணி

புதுப் பொருள், செடி, துணி இவற்றை ஒரு சுற்று முழுக்க நடந்துவிட்டு வாங்கலாம். அதே பொருள் நாலு கடையில் இருக்கும், விலை ஒப்பிடலாம். பழைய சாமானுக்கு இது சரிப்படாது. அதில் ஒவ்வொன்றும் ஒற்றை. திரும்பி வரும்போது இருக்காது. மனதுக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே நின்று பேசி முடித்துவிடுங்கள்.

காலையில் போகிறவர்கள் போணி என்பதை மதிக்க வேண்டும். அன்றைய முதல் விற்பனை நல்லபடியாக அமைந்தால் நாள் முழுக்க நன்றாக ஓடும் என்பது வியாபாரிகளின் நம்பிக்கை. “இன்னும் போணி ஆகல சார்” என்று ஒருவர் சொன்னால், வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையைக் குடைந்துகொண்டே இருக்காதீர்கள். வாங்குவதாக இருந்தால் அதுதான் நல்ல நேரம், போணிக்காகவே கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

4. தொட்டுப் பார், தட்டிப் பார்

வார்ப்பிரும்பு தோசைக்கல்லை ஒரு விரலில் தொங்கவிட்டு, இன்னொரு கையின் கணுவால் தட்டுங்கள். கணீரென்று நின்று கேட்டால் நல்ல கல். மொத்தென்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது, வேண்டாம். மேலே இருக்கும் துரு பிரச்சினையே இல்லை. தேய்த்து, எண்ணெய் தடவிப் பழக்கினால் போய்விடும். கல்சட்டியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும், மெதுவாகத் தட்டுங்கள். இசைத்தட்டைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். பழைய கேமராவில் லென்ஸ் வழியாக டார்ச் அடியுங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. ரேடியோ, கடிகாரம் எல்லாம் நீங்கள் கொண்டுபோன பேட்டரியைப் போட்டு அங்கேயே ஓட விடுங்கள்.

போன மாதம் ஒரு பாட்டியின் கடையில் பித்தளை காபி ஃபில்டர் ஒன்று கிடைத்தது. கரி பிடித்து, கறுத்துப் போய், ஒரு அண்டாவுக்குள் கிடந்தது. எடுத்து மூடியைத் திறந்தேன். மேல் குவளையைத் தனியாகக் கழற்றி, வானத்தைப் பார்க்கப் பிடித்தேன். துளைகள் வழியே வெளிச்சம் நட்சத்திரம் மாதிரி பொட்டுப் பொட்டாக வந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் ஏழெட்டுத் துளை அடைந்திருந்தது, பழைய காபிக் கசடு. குண்டூசியால் எடுத்துவிடலாம். மேல் குவளையைக் கீழ்க் குவளையில் திரும்பப் பொருத்தினேன். ஆடாமல் உட்கார்ந்தது. இது முக்கியம், ஜோடி மாறியிருந்தால் ஒட்டாது. உள்ளே பொடியை அழுத்தும் தட்டும் தண்டோடு அப்படியே இருந்தது.

“எவ்வளவும்மா?”

“அறுநூறு குடு கண்ணு. இந்தக் கனம் இப்ப எங்க வருது?”

“ஏழெட்டுத் துளை அடைஞ்சிருக்கும்மா. நானூறு போட்டுக்குங்க.”

“கட்டுப்படி ஆகாது கண்ணு. எடைக்குப் போட்டாக்கூட அதுக்கு மேல வரும்.”

நானூற்று ஐம்பதுக்கு முடிந்தது. செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும்போது, “புளி போட்டுத் தேய்ச்சிட்டு வெந்நீர்ல போடு” என்று அவரே சொல்லிக் கொடுத்தார்.

பேரம் இப்படித்தான் இருக்க வேண்டும். பொருளில் நிஜமாகவே இருக்கும் குறையைச் சொல்லி, நியாயமாகக் குறைத்துக் கேளுங்கள். பாதி விலைக்கும் கீழே கேட்டால் அப்புறம் பேச்சே இருக்காது. விலை படியவில்லை என்றால் “சரிம்மா, வரேன்” என்று கிளம்பலாம். பல நேரம் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிட்டு நீங்கள் கேட்ட விலைக்குக் கொடுத்தால் கட்டாயம் வாங்கிவிட வேண்டும். கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்ட பிறகு நழுவுவது மரியாதை இல்லை.

5. வாங்கக் கூடாதவை

இதில் நான் கறாராகவே சொல்கிறேன்.

பில் இல்லாத செல்போன் வேண்டாம். மலிவாகக் கிடைத்தாலும் அது யாரிடமிருந்து பறித்ததோ தெரியாது. ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தினால் திரையில் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனின் தனி அடையாள எண் வரும். அதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்கலாம்.

பச்சைக்கிளியை வாங்கக் கூடாது. நம் ஊர்க் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படியே. கூண்டைப் பார்த்துப் பாவப்பட்டு, வாங்கிப் பறக்கவிடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நீங்கள் ஒன்றை வாங்கினால் அடுத்த வாரம் இரண்டைப் பிடித்து வருவார்கள்.

பழைய சாமி சிலை என்று யாராவது காட்டினால் விலகிவிடுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலைகள் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், பதிவு வேண்டும். கோயிலிலிருந்து திருடு போன சிலையாகவும் இருக்கலாம். ராமர் பட்டாபிஷேகம் போட்டு, 1818 என்றும் அரை அணா என்றும் எழுதிய கிழக்கிந்தியக் கம்பெனி நாணயத்தையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். அப்படி ஒரு நாணயத்தைக் கம்பெனி அடிக்கவே இல்லை.

செடி வாங்குகிறவர்கள் தண்டை மெல்ல அசைத்துப் பாருங்கள். வேர் விடாத குச்சியைப் பையில் நட்டு வைத்திருந்தால் கையோடு வந்துவிடும். ரயிலில் ஊர் திரும்புகிறவர்கள் உயரமான செடியை ஆசைப்பட்டு வாங்க வேண்டாம், பாதி வழியிலேயே ஒடிந்துவிடும். அரிவாள்மனை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுகிறவர்கள் அதைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

6. சனிக்கிழமை

மறுநாள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை, அதனால் சந்தை நாளோடு மோதவே மோதாது. நான் அங்கே போகச் சொல்வதற்குக் காரணமும் பல்லாவரம்தான். 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியிலிருந்து கல் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். பார்க்கச் சாதாரணக் கல். மனிதக் கை செதுக்கிய ஓரம் அதில் இருப்பதை அவர் கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி ஒன்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது அப்போதுதான். அவர் சேகரித்த கருவிகள் இந்த அருங்காட்சியகத்துக்குத்தான் வந்து சேர்ந்தன.

முதல் நாள் முழுக்க கோணிச் சாக்கில் கிடந்த சாமான்களைக் குனிந்து பொறுக்கிய பிறகு அந்தக் கற்களின் முன் நின்று பாருங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறோமே, ஒன்றை எடுத்துத் திருப்பி அடிப்பக்கம் பார்க்க முடியவில்லையே என்று கை பரபரக்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் பரபரக்கிறது.