கார்த்தஹேனாவை முதல்முறை பார்க்கப் போகிறீர்களா? கப்பல் வந்த வழியில் பாருங்கள்

கொலம்பியாவின் வடகரையில், கரீபியன் கடலோரம் இருக்கிற பழைய துறைமுக நகரம் கார்த்தஹேனா. 1533-இல் பெத்ரோ தே எரேதியா என்ற ஸ்பானியர் நிறுவியது. தென் அமெரிக்காவில் அள்ளிய தங்கமும் வெள்ளியும் இங்கிருந்துதான் ஸ்பெயினுக்குக் கப்பலேறின. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மனிதர்கள் கரையிறக்கப்பட்டதும் இங்கேதான். முதல்முறை போகிறவர்கள் பலரும் காகிதப்பூ தொங்கும் மர மாடங்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மாடங்கள் அழகுதான், ஆனால் அந்த அழகுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் திரும்பினால் ஊரைப் பார்த்ததாகாது. அதனால் நான் சொல்லும் வரிசை இது: அந்தக் காலத்தில் ஒரு கப்பல் எந்த வழியாக உள்ளே வந்திருக்குமோ, அதே வழியில் நீங்களும் வாருங்கள். இரண்டு முழு நாள் போதும்.

படி 1: கிளம்பும் முன் ஊசி

விசாவைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள், ஊசியைத்தான் மறந்துவிடுவார்கள். கொலம்பியாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். ஊசி போட்டு 10 நாள் கழித்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும், கடைசி நேரத்தில் ஓடிப் பயனில்லை. எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒரு மையம். இந்தக் காய்ச்சலுக்கும் இந்த ஊரின் வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு, மூன்றாம் படியில் சொல்கிறேன்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். அமெரிக்க அல்லது ஷெங்கன் விசா வைத்திருப்பவர்களுக்குச் சலுகை உண்டு என்றாலும் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டெல்லியிலுள்ள கொலம்பியத் தூதரகத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை போவது நல்லது, மழை இருக்காது, கடல்காற்று வீசும். அக்டோபரைத் தவிருங்கள். ஊர் ஏறக்குறைய நம் புதுக்கோட்டையின் அட்சரேகையிலேயே இருக்கிறது. வெயில் நமக்குப் பழகியதுதான், ஆனால் புழுக்கம் சென்னை மாதிரி.

படி 2: முதல் நாள் காலை, கடலிலிருந்து

பழைய நகரத்தை ஒட்டிய லா போதெகித்தா படகுத்துறையிலிருந்து ரொசாரியோ தீவுகளுக்குக் காலையில் படகுகள் கிளம்பும். தீவில் குளிப்பது உங்கள் விருப்பம். நான் போகச் சொல்வது வழியில் இருக்கிற போகாசிகாவைப் பார்க்க. படகு அந்த வழியாகப் போகிறதா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த விரிகுடாவுக்கு இரண்டு நுழைவாயில்கள். போகாகிராந்தே என்றால் பெரிய வாய், போகாசிகா என்றால் சின்ன வாய். 1770-களில் ஸ்பானியர்கள் பெரிய வாயின் குறுக்கே தண்ணீருக்கு அடியில் ஒரு கல்சுவரையே கட்டிவிட்டார்கள். எந்தப் பெரிய கப்பலும் சின்ன வாய் வழியாகத்தான் வர வேண்டும் என்று ஆயிற்று. அந்தச் சின்ன வாயின் இரு கரையிலும் சான் பெர்னாந்தோ, சான் ஹோசே என்று எதிரெதிரே இரண்டு கோட்டைகள். படகு இரண்டுக்கும் நடுவில் போகும்போது தலையைத் திருப்பி இரு பக்கமும் பாருங்கள். பீரங்கிக்கு நேர் எதிரே வருவது என்றால் என்ன என்று அப்போது புரியும்.

படகில் பின்பக்கம் உட்காருங்கள், முன்னால் உட்கார்ந்தால் அலை தூக்கித் தூக்கிப் போடும். கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: இரண்டாம் நாள், திறந்ததும் சான் பெலிப்பே

சான் பெலிப்பே ஊரைக் காத்த கோட்டை, அங்கே நிழல் கிடையாது. பத்து மணிக்கு மேல் கல் கொதிக்கும், அதனால் கதவு திறக்கும்போதே போய் நில்லுங்கள்.

1741-இல் எட்வர்ட் வெர்னன் என்ற ஆங்கிலேயத் தளபதி ஏறக்குறைய 180 கப்பல்களோடு இந்த ஊரைப் பிடிக்க வந்தார். ஊரைக் காத்தவர்களில் முக்கியமானவர் பிளாஸ் தே லெசோ. முந்தைய போர்களில் ஒரு கண்ணும் ஒரு காலும் போய், ஒரு கையும் விளங்காமல் போனவர். இரவில் கோட்டையேற வந்த ஆங்கிலேயரின் ஏணிகள் மதிலுக்கு எட்டவில்லை. அதற்குள் மஞ்சள் காய்ச்சல் அவர்கள் படையில் ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சாய்த்துவிட்டது. வெற்றி உறுதி என்று நம்பி இங்கிலாந்தில் பதக்கமே அடித்துவிட்டார்கள். லெசோ மண்டியிடுவது போல அதில் பொறித்திருந்தது. அந்த லெசோவும் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். கோட்டைக்கு முன்னால் கட்டைக்காலோடு அவர் சிலை நிற்கிறது. மேலே ஏறும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

மேலே போனதும் கட்டாயம் சுரங்கப்பாதைக்குள் இறங்குங்கள். தாழ்ந்த கூரை, ஈரச் சுவர், இருபுறமும் ஆள் ஒளிந்துகொள்ள மாடக்குழிகள். உடன் வந்தவரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லி மெதுவாகப் பேசச் சொல்லுங்கள், குரல் சுவரோடு ஓடி வந்து காதில் விழும். எதிரியின் காலடி முன்பே கேட்கட்டும் என்றுதான் இப்படிக் கட்டியிருக்கிறார்கள். நான் போனபோது எங்கோ ஒரு குழந்தை செருப்பைத் தேய்த்து நடந்துவந்தது. அது கண்ணில் படும் முன் நீண்ட நேரம் அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

படி 4: மணிக்கூண்டு வாசல்

கோட்டையிலிருந்து பழைய நகரத்துக்கு டாக்ஸியில் போகலாம். மீட்டர் இருக்காது, ஏறும் முன்பே விலை பேசிவிடுங்கள். விலையை ஆயிரக்கணக்கான பெசோவில் சொல்வார்கள், "மில்" என்றால் ஆயிரம். தெருப்பெயரை நம்பி வழி தேட வேண்டாம், பழைய நகரத்தில் ஒரே தெருவுக்குச் சந்திப்புக்குச் சந்திப்பு பெயர் மாறும். சதுக்கத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய நகரத்துக்குள் நுழையும் மணிக்கூண்டு வாசலைத் தாண்டியதும் முக்கோணமாக ஒரு சதுக்கம், பிளாசா தே லோஸ் கோச்சேஸ். அடிமைச் சந்தை நடந்தது இங்கேதான். ஒருபக்க வளைவுகளின் கீழே கண்ணாடி ஜாடிகளில் மிட்டாய் விற்கிறார்கள். கொக்காதா என்று கேளுங்கள், நம் தேங்காய் பர்பிக்கு ஒன்றுவிட்ட தங்கை. வாங்கிக்கொண்டு எங்கே நிற்கிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தலையில் பழக்கூடையும் வண்ண கவுனுமாக வரும் பெண்களை இங்கே பார்க்கலாம். இவர்களின் ஊர் சான் பசிலியோ தே பலெங்கே. அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடியவர்கள் காட்டுக்குள் கட்டிய ஊர் அது, அவர்களுக்கென்று தனி மொழியே உண்டு. தப்பியவர்களை வழிநடத்திய பென்கோஸ் பியோஹோவை இதே கார்த்தஹேனாவில் 1621-இல் கொன்றார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பழம் வாங்குங்கள், பணம் கொடுங்கள், அப்புறம் படம்.

படி 5: உச்சி வெயிலில் சான் பெத்ரோ கிளவேர்

மதியம் இந்தத் தேவாலயத்தையும் அதை ஒட்டிய மடத்தையும் பாருங்கள். 1610-இல் வந்து 1654-இல் இங்கேயே இறந்த இயேசு சபைத் துறவி பெத்ரோ கிளவேர், அடிமைக் கப்பல் வந்ததும் தண்ணீரும் பழமும் மருந்துமாக இறங்கிப் போவாராம். 1622-இல் துறவற உறுதிமொழியில் தன்னை "ஆப்பிரிக்கர்களின் என்றென்றைக்குமான அடிமை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர்களும் மடத்துக்குச் சொந்தமான அடிமைகளே. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள். அவர் எலும்புகள் பீடத்துக்குக் கீழே கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன.

படி 6: மாலையில் மதில், இரவில் கெத்செமனி

ஐந்து மணிக்குப் பழைய நகரத்தைச் சுற்றிய மதில்மேல் ஏறுங்கள். எல்லோரும் கடலையே பார்ப்பார்கள், நீங்கள் கல்லையும் பாருங்கள். பல கற்கள் பவளப்பாறை. மூளை மடிப்பு போல நெளிநெளியான வரிகள் தெரியும், விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும்.

இருட்டியதும் கெத்செமனிக்கு நடந்துவிடுங்கள். கைவினைஞர்களும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் வாழ்ந்த பேட்டை அது. 1811 நவம்பர் 11 அன்று பெத்ரோ ரொமேரோ தலைமையில் இந்த மக்கள் திரண்டு போய் நெருக்கியதால்தான் கார்த்தஹேனா ஸ்பெயினிலிருந்து முழு விடுதலையை அறிவித்தது. திரினிதாத் சதுக்கத்தில், மஞ்சள் நிறத் தேவாலயத்துக்கு எதிரே அவர் சிலை இருக்கிறது.

அங்கே தள்ளுவண்டியில் அரேப்பா தே உவேவோ கேளுங்கள். சோளமாவைத் தட்டி எண்ணெயில் போட்டு எடுத்து, உப்பியதும் ஓரத்தைக் கீறி, உள்ளே ஒரு முட்டையை ஊற்றி, மாவால் அடைத்து மறுபடி எண்ணெயில் விடுவார்கள். சில வண்டிகளில் கறியும் சேர்ப்பார்கள், வேண்டாமென்றால் "சின் கார்னே" என்று சொல்லுங்கள். முட்டையும் சாப்பிடாதவர்களுக்குப் பச்சை வாழைக்காயை நசுக்கிப் பொரித்த பத்தகோன் இருக்கிறது. வாங்கிக்கொண்டு தேவாலயப் படியில் உட்காருங்கள், அந்தப் பேட்டைக்காரர்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.