சைவத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

வேறு மதத்திலிருந்தோ, சாமியே கும்பிடாத வீட்டிலிருந்தோ, கல்யாணம் வழியாகவோ சிவபக்திக்குள் வருகிறவர்கள் பலர் முதலில் போகும் இடம் கடை. ருத்திராட்சம், சூலம், ஸ்படிக லிங்கம் என்று பை நிறைந்துவிடும். இதில் லிங்கம்தான் சிக்கல். வீட்டில் முறைப்படி பூசிக்கும் லிங்கத்தைத் தீட்சை (முறைப்படி மந்திர உபதேசம்) கொடுத்த குருவிடம்தான் பெறுவார்கள். அன்றன்று பூசை முடியாமல் சாப்பிடக் கூடாது என்ற நியமமும் கூடவே வரும். ஆரம்பத்தில் ஒரு நடராஜர் படம், ஒரு விளக்கு, கொஞ்சம் திருநீறு போதும்.

இதைவிடப் பெரிய தவறு, கடைசிப் படியில் ஏறப் பார்ப்பது. சைவம் சரியை, கிரியை (பூசை), யோகம், ஞானம் என்று நான்கு நிலைகளைச் சொல்கிறது. யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவருக்கோ முதல் நாளே குண்டலினி எழும்ப வேண்டும், 'நானே சிவம்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். கோயில் பெருக்குவது, பூப் பறிப்பது, மாலை கட்டுவது எல்லாம் சரியை. அது அவருக்குச் சின்ன வேலையாகத் தெரிகிறது. தேவாரம் பாடிய அப்பர் கதையை ஒருமுறை படித்தால் இந்த எண்ணம் போய்விடும். மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத்தில் தருமசேனராகப் பெயர் பெற்று, சூலை நோயோடு அக்கா திலகவதியாரைத் தேடி வந்தவர் அவர். அந்த அக்கா திருவதிகைக் கோயிலில் பெருக்கி, மெழுகி, மாலை தொடுத்துக்கொண்டிருந்தவர். திரும்பி வந்த தம்பியும் பதிகம் பாடியதோடு நிற்கவில்லை. கடைசிவரை கையில் உழவாரம் என்ற செதுக்குக் கருவியோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். இன்றும் பல ஊர்களில் உழவாரப்பணிக் குழுக்கள் இருக்கின்றன. சேர்ந்துகொள்ளுங்கள். குனிந்து வேலை செய்யத் தெரிந்தால் போதும்.

கோயிலில் எல்லாரையும் பார்த்து அப்படியே செய்வதும் சரிவராது, ஏனென்றால் பார்த்துக் கற்றுக்கொள்கிற கூட்டமே பல சமயம் தவறாகச் செய்கிறது. சண்டிகேசுவரர் முன்னால் பட்பட்டென்று கைதட்டுவார்கள், சொடுக்குப் போடுவார்கள், உடுத்திய துணியிலிருந்து நூல் பிய்த்துப் போடுவார்கள். அவருக்குக் காது கேட்காது என்று ஒரு விளக்கம் வேறு! அவர் சிவ சிந்தனையில் இருப்பவர். சிவனுக்குப் படைத்தவை, உடுத்தவை, சூடியவை எல்லாம் அவருக்கே உரிமை என்று இறைவன் கொடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அதனால் 'எதையும் எடுத்துப் போகவில்லை' என்று கைகளை மெல்லத் துடைத்துக் காட்டிவிட்டு நகர்ந்தால் சரி. நந்திக்கும் மூலவருக்கும் நடுவே குறுக்கே போகாதீர்கள். வாங்கிய திருநீற்றில் மிச்சத்தைத் தூணில் கொட்டாதீர்கள். தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

பெயரையோ தோற்றத்தையோ வைத்துச் சில கோயில்களில் கேள்வி வரலாம். கொடிமரம் தாண்டி இந்து அல்லாதவர் வரக் கூடாது என்று பலகை வைத்த கோயில்கள் உண்டு. வரிசையில் நின்று சண்டை போடுவதைவிட முன்னதாகவே அலுவலகத்தில் பேசிவிடுவது நல்லது.

அப்புறம், புத்தகம். 'சிவபுராணம் படி' என்று யாராவது சொன்னதும் சமஸ்கிருத சிவபுராணத்தின் தடிமனான மொழிபெயர்ப்பை வாங்கி, பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அவர்கள் சொல்வது திருவாசகத்தின் முதல் பகுதியை. வெறும் 95 வரிதான். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை சொன்னால் தானாகவே மனப்பாடம் ஆகிவிடும்.

தீட்சைக்கும் அவசரம் வேண்டாம். தருமபுரம், திருவாவடுதுறை போன்ற ஆதீனங்களில் (சைவ மடங்களில்) சமய தீட்சை என்ற முதல் தீட்சை தருகிறார்கள். ஆனால் அதை வாங்கினால் புலாலை விட வேண்டும், தினசரி அனுட்டானம் (மந்திர ஜப வழிபாடு) செய்ய வேண்டும். இரண்டுக்கும் மனம் தயாராகும்வரை தள்ளிப் போடுங்கள். தேவாரம் பாட அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தேவாரம் பாடும் ஓதுவார் இருக்கிற கோயிலில் சாயரட்சை (மாலைப் பூசை) நேரத்தில் போய் அவர் பக்கத்தில் நின்று கேளுங்கள், பண் (ராகம்) காதில் ஏறிவிடும்.